உதட்டுக்குக் கொஞ்சம் சிவப்பு

அந்த நாற்காலியைக் கொஞ்சம் சன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள் மேடம். இப்போது வெளிச்சம் உங்கள் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் விழுகிறது, மூக்கின் நிழல் வாய் மேல் படிகிறது. மன்னிக்கணும், தொழில் புத்தி. யாரைப் பார்த்தாலும் முதலில் வெளிச்சத்தைப் பார்ப்பேன், அப்புறம்தான் ஆளைப் பார்ப்பேன்.

மாடி அறையில் என்ன நடந்தது என்று கேட்டீர்கள். சொல்கிறேன். மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் நடுவிலிருந்து ஆரம்பித்தால் என்னைக் கெட்டவன் என்று முடிவு கட்டிவிடுவீர்கள். அதனால் முதலிலிருந்தே வருகிறேன். நீங்களும் அவசரமில்லை என்றுதான் சொன்னீர்கள்.

எங்கள் கட்டடம் கடைத்தெரு முனையில் இருக்கிறது. கீழே மருந்துக் கடை, அதற்கு மேலே என் ஸ்டூடியோ, அதற்கும் மேலே நாங்கள் குடியிருந்த வீடு. என் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. ‘டச்சப்’ என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கை காட்டும். போட்டோவைத் திருத்துவதற்கு எங்கள் தொழிலில் அதுதான் பெயர். பரு, வடு, கண்ணுக்குக் கீழே கருவளையம், இரட்டைத் தாடை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வைத்துத் துடைத்துவிடுவேன். “அண்ணே, பார்க்கிற மாதிரி ஆக்கிக் குடுங்க” என்பார்கள். ஆக்கிக் கொடுப்பேன். இந்த ஊரில் பாதிப் பேர் பையில் வைத்துக்கொண்டு அலைகிற முகம் நான் ஆக்கிக் கொடுத்ததுதான்.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். அதைச் சொன்னவர் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துப் பார்த்திருக்க மாட்டார். என் அனுபவத்தில் நான் கற்றுக்கொண்டது வேறு. கண்ணில் கை வைக்கக் கூடாது. கண்ணை மயிரிழை மாற்றினாலும் “இது நான் இல்லையே” என்று சண்டைக்கு வந்துவிடுவார்கள். வாய் அப்படி இல்லை. தன் வாய் எப்படி இருக்கும் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. உதட்டோரம் இரண்டையும் லேசாக மேலே ஏற்றிவிட்டால் போதும், எங்கே கை வைத்தேன் என்று கண்டுபிடிக்க முடியாது. நல்லா வந்திருக்கு என்று வாங்கிக்கொண்டு போவார்கள். அவர்களுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம்.

நோய் வந்து ஊரை அடைத்தார்கள் இல்லையா, அப்போது எனக்கு வேலை சுத்தமாகப் போய்விட்டது. கல்யாணம் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, பயணம் இல்லை, அப்புறம் போட்டோ எதற்கு? கப்பிலும் பனியனிலும் படம் அச்சடிக்கிற சூட்டு மெஷின் ஒன்று ஸ்டூடியோவில் சும்மா கிடந்தது. ஒரு நாள் கீழே இருக்கிற மருந்துக் கடைக்காரர் படியில் உட்கார்ந்து புலம்பினார்.

“நாள் முழுக்க இந்த மாஸ்க்கோட நின்னுட்டு வீட்டுக்குப் போறேன் டச்சப். கதவைத் திறந்ததும் என் பொண்ணு வீல்னு கத்துறா. பாதி மூஞ்சியைக் காணோமே, அப்பன்னு எப்படித் தெரியும் அவளுக்கு?”

அவரை மேலே கூட்டிப்போய் ஸ்டூலில் உட்கார வைத்து, மூக்குக்குக் கீழே மட்டும் ஒரு படம் எடுத்தேன். அதைத் தாளில் அச்செடுத்து, வெள்ளைத் துணியில் கவிழ்த்து, மெஷினில் வைத்து அழுத்தினேன். துணியில் அவர் வாய் வந்துவிட்டது. மூக்குக்கு ஒரு மடிப்பு, தாடைக்கு ஒரு மடிப்பு கொடுத்துத் தைத்தால் முகத்தில் அச்சாக உட்காரும். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் மாஸ்க் போட்டிருப்பதே தெரியாது. பழக்க தோஷத்தில் அவருடைய உதட்டோரத்தையும் ஏற்றிவிட்டிருந்தேன். மறுநாள் வந்தார். பெண் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாளாம். நோய்க்கு முன்னால்கூட அவள் அப்படி ஓடிவந்ததில்லை என்றார்.

அப்புறம் பார்க்க வேண்டுமே. பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதான். தெருவே வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்து போனது. காய்கறிக் கடைக்காரர் எப்போதும் சிடுசிடுவென்று விழுகிற ஆள். “தள்ளி நில்லுங்கய்யா, ஒருதடவை சொன்னா உறைக்காதா” என்று அவர் சிரித்த வாயோடு திட்டுவதைப் பார்க்கவே கூட்டம் வந்தது. பால் போடுகிற அம்மா படியேறி வந்து சத்தம் போட்டார்.

“ஏம்பா, இது யார் வாய்? எங்க வீட்டுக்காரர் ‘யாரும்மா நீ’ங்கிறாரு.”

“பிடிக்கலையா? வேற போட்டுத் தரட்டுமா?”

“பிடிக்கலைன்னு யார் சொன்னது? இதே மாதிரி இன்னொண்ணு போடு. இதைத் துவைச்சுக் காயப்போடுற அன்னைக்கு அந்த மனுஷன் மறுபடி பழையபடி எரிஞ்சு விழறாரு.”

உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். நான் மூடினேன். சிரித்த வாயாக மூடினேன். யாருக்கும் அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி என் மனைவியைப் பற்றிச் சொல்கிறேன். அவள் பெரிய துணிக்கடை ஒன்றில் இருந்தாள். வாசலில் நின்று, வருகிறவர்களைச் சிரித்து வரவேற்க வேண்டும். அதுதான் வேலை. காலையில் போனால் இருட்டித்தான் வருவாள். சமைப்பாள், சாப்பிடுவாள், படுத்துவிடுவாள். லீவு நாளில் எனக்குக் கல்யாண வேலை இருக்கும். யோசித்துப் பார்த்தால் அவளை நல்ல வெளிச்சத்தில் நான் பார்த்தது குறைவுதான். அது எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. கூடத்துச் சுவரில் எங்கள் கல்யாண போட்டோ இருந்தது. அதில் அவள் என் பக்கமாக லேசாகத் தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். தினமும் காலையில் டீ குடிக்கும்போது அதைப் பார்ப்பேன். அன்றைய பொழுது நன்றாகப் போகும்.

துணிக்கடையை மூடியதும் அவள் வீட்டோடு இருக்க ஆரம்பித்தாள். “இப்பதாங்க ரெண்டு கன்னமும் வலிக்காம இருக்கு” என்று ஒரு நாள் சொன்னாள். நான் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டேன்.

அவள் தங்கை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள், உங்களுக்குத் தெரியும். சின்னப் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர். பள்ளிக்கூடம் மூடியதால் போனிலேயே பாடம் நடத்தினாள். கண்ணாடியைப் பார்த்து உங்கள் முகத்தை நீங்களே வரையுங்கள், அழகாக வரைய வேண்டாம், இருப்பதை வரையுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறாள். அக்காவுக்கும் பொழுது போகட்டும் என்று அதை இவளுக்கும் அனுப்பிவிட்டாள். நான் அந்தப் பெண் மேல் பழி போடவில்லை. ஆனால் ஆரம்பம் அங்கேதான்.

என் மனைவி சாப்பாட்டு மேஜை மேல் நான் ஷேவிங் செய்கிற கண்ணாடியைச் சாய்த்து வைத்தாள். ஸ்டூடியோவில் வீணாய்ப்போன தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைய உட்கார்ந்தாள். முதலில் ரொம்பச் சிரிப்பாக இருந்தது. ஒரு காது நெற்றிக்குப் பக்கத்தில் முளைத்திருக்கும். நான் கிண்டல் செய்தால், “என் மூஞ்சி, நான் எங்க வேணா வெச்சுப்பேன், உங்களுக்கென்ன?” என்பாள். ஆனால் சீக்கிரமே கை படிந்துவிட்டது. கண் அவள் கண்ணாகவே வந்தது. புருவத்தில் ஒரு சின்ன வெட்டுத் தழும்பு உண்டு, அதுவும் வந்தது. வாய் மட்டும் யாருடையதோ போல இருந்தது. நேராக ஒரு கோடு, இரண்டு முனையும் கீழே இறங்கி. எதையோ ரொம்ப நாளாகச் சொல்லாமல் அடக்கி வைத்திருக்கிறவளின் வாய்.

“வாயைத் தப்பாப் போட்டிருக்க” என்றேன்.

“சரியாத்தான் போட்டிருக்கேன்.”

“நீ இப்படி இருக்கமாட்டியே.”

“இப்படித்தாங்க இருக்கேன். நீங்க பார்த்ததில்ல.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. கடைக்கு வருகிறவரிடம் ‘அந்த அளவு இப்ப இல்லைங்க’ என்று சொல்வது போலச் சொன்னாள். எனக்கு மனசு சங்கடப்பட்டது. அவள் குளிக்கப் போன நேரத்தில் ரப்பரை எடுத்து அந்த வாயை அழித்தேன். சரியான வாயைப் போட்டு வைத்தேன். வந்து பார்த்தாள், வேறு தாள் எடுத்தாள். மறுபடியும் அதே கோடு. நான் மறுபடி திருத்தினேன். அவள் மறுபடி வரைந்தாள். வீட்டைச் சோதித்தபோது கிடைத்த படங்களில் வாய் இருக்கிற இடமெல்லாம் ஓட்டையாக இருக்கிறதே என்று உங்கள் ஆள் ஒருவர் கேட்டார். அது ரப்பர் தேய்த்துத் தேய்த்து வந்த ஓட்டை, வேறு ஒன்றுமில்லை.

ஒரு நாள் ஸ்டூடியோவிலிருந்து மேலே வந்தபோது கல்யாண போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றி மேஜையில் வைத்திருந்தாள். பக்கத்தில் கண்ணாடி. இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கு நான் சிரிக்கவே இல்ல. ஞாபகம் இருக்கா?”

ஞாபகம் இருந்தது. படம் பிடித்தவன் என் நண்பன். “அண்ணி, ஒரே ஒருதடவை சிரிச்சிருங்க” என்று அவன் கெஞ்சிய கெஞ்சல் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. என் கல்யாண ஆல்பத்தை நானேதான் டச்சப் செய்தேன். வேறொருவனிடம் கொடுக்க மனசு வரவில்லை.

“நல்லாத்தானே இருக்கு” என்றேன்.

“நல்லாத்தான் இருக்கா அவ. இத்தனை வருஷமா அவளோடதான் நீங்க குடும்பம் நடத்தியிருக்கீங்க. நான் நடுவுல சமைச்சுப் போட்டுட்டு இருந்திருக்கேன்.”

அப்புறம் ஒரு நாள், பஸ் விட்டதும் தங்கை வீட்டுக்குப் போகப்போவதாகச் சொன்னாள். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். “திரும்பி வரலைங்க” என்றாள்.

எனக்குப் பயம் வந்தது மேடம். அதைச் சொல்ல வெட்கமில்லை. ஊர் என்ன சொல்லும் என்பதல்ல. இவள் போனால் சுவரில் இருக்கிறவளையும் கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்று தோன்றியது. நான் இத்தனை வருஷம் நேசித்தவளை என்னிடமிருந்து பிரிக்க இவளுக்கு என்ன உரிமை என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அப்புறம் நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். கீழே போய் மெஷினைப் போட்டேன்.

அவளுக்கு ஒரு மாஸ்க் செய்தேன். வாயைக் கல்யாண போட்டோவிலிருந்து எடுத்தேன். ஊரெல்லாம் மாஸ்க் தைத்ததில் எலாஸ்டிக் தீர்ந்துபோயிருந்தது, அதனால் நாடா வைத்தேன். மேலே இரண்டு, கீழே இரண்டு, தலைக்குப் பின்னால் முடிச்சுப் போட வேண்டும்.

“வீட்டுக்குள்ள எதுக்கு?” என்றாள்.

“நாலு பேரைத் தொட்டுட்டு வர்றேன். உனக்கு ஒண்ணு ஆயிடக்கூடாது பாரு.”

நியாயமான பேச்சு. பஸ் ஓடுகிறவரைக்கும்தானே என்று நினைத்திருப்பாள். கட்டிக்கொண்டாள். நான் வீட்டில் போடுவதில்லை. எனக்கு மாஸ்க் போட்டால் மூச்சு முட்டும்.

அந்த நாட்கள்தான் எங்கள் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள். சாப்பிடும்போது மட்டும் அவள் அதை இறக்குவாள். அப்போது நான் தட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவேன். மற்ற நேரமெல்லாம் அவள் எதிரில் உட்கார்ந்து பேசினேன். சின்ன வயதில் என் அப்பா என்னை ஸ்டூடியோ இருட்டறையில் பூட்டி வைத்ததை எல்லாம் சொன்னேன். யாரிடமும் சொன்னதில்லை. அவள் சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். சில சமயம் கண்ணில் தண்ணீர் நிற்கும். வெங்காயம் நறுக்கியிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். படம் வரைவதை மட்டும் அவள் விடவில்லை. நான் ஸ்டூடியோவுக்கு இறங்கியதும் மாஸ்க்கை இறக்கிவிட்டு வரைவாள். எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிட்டேன். குடும்பம் என்றால் விட்டுக்கொடுத்துத்தான் போக வேண்டும்.

காய்ச்சல் முதலில் எனக்குத்தான் வந்தது. உடம்பை முறித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. அடுத்து அவளுக்கு வந்தது, வந்தது போகவில்லை. இருமல் பிடித்தது. சமையலறையிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மருந்துக் கடைக்காரர் கீழே என்னை நிறுத்தினார்.

“வீட்டம்மா இருமுறது இங்க வரைக்கும் கேக்குது டச்சப். விரல்ல மாட்டிப் பார்க்கிற மெஷின் வெச்சிருக்கேன், கொண்டு போய்ப் பாரு.”

“சூட்டு மெஷின் புகை அண்ணே. அவளுக்கு ஒத்துக்கல” என்றேன்.

அவர் என் வார்த்தையை நம்பினார். அவருடைய மாஸ்க்கில் நான் அச்சடித்த வாய் சிரித்தது. அதற்கு உள்ளே அவர் சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது.

ஒரு மதியம் மேஜை மேல் புதுப் படம் ஒன்று இருந்தது. கலர் பென்சில் எடுத்திருந்தாள். முகமெல்லாம் சும்மா கோடாக விட்டுவிட்டு உதட்டை மட்டும் நீலமாகத் தீட்டியிருந்தாள். என்னை வெறுப்பேற்றுவதற்கென்றே செய்கிறாள் என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கட்டிலில் தலையணையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாஸ்க் கழுத்தில் தொங்கியது. பார்த்தேன். இருப்பதைத்தான் வரைந்திருந்தாள்.

“ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க” என்றாள். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினாள்.

உதடு நீலம் பாய்ந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் அது பொய். மருந்துக் கடை வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸில் ‘உதடு நீலமானால் உடனே ஆஸ்பத்திரி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் படியேறுவேன். ஆனால் என் கண் தொழில்காரன் கண். படத்தில் நீலம் ஏறிவிட்டால் நாங்கள் என்ன செய்வோம்? கொஞ்சம் சிவப்பு சேர்ப்போம். “இரு, வர்றேன்” என்று சொல்லிவிட்டு அவள் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். கம்ப்யூட்டரில் அந்தக் கல்யாணச் சிரிப்பை எடுத்து, உதட்டுக்குக் கொஞ்சம் சிவப்பு கூட்டினேன். மெல்லிய துணியாக இருந்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும் என்பதால் உள்பக்கம் இரட்டைத் துணி கொடுத்துத் தைத்தேன். அருமையாக வந்தது. நான் செய்ததிலேயே நல்ல வாய் அதுதான்.

மேலே போய்க் கட்டிவிட்டேன். “வண்டி வருதா?” என்று கேட்டாள். வருது என்றேன்.

வண்டி வரவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் சுகாதாரத் துறைப் பெண் வந்தாள். அவள் வீடுகளுக்குள் வரமாட்டாள். தெருவில் நின்றே கூப்பிடுவாள், எல்லோரும் பால்கனிக்கு வந்து தலைகாட்ட வேண்டும். யாருக்காவது முடியவில்லை என்று சொன்னால் போதும், உடனே வண்டிக்குச் சொல்லிவிடுவாள். குரல் கேட்டதும் என் மனைவி தானே எழுந்துவிட்டாள். எப்படி எழுந்தாள் என்று எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

“அக்கா, நல்லா இருக்கீங்களா?”

என் மனைவி ஏதோ சொன்னாள். மூச்சுதான் வந்தது, குரல் கீழே போய்ச் சேரவில்லை.

“நல்லா இருக்கா” என்று நான் சொன்னேன்.

“உங்க வீட்லயும் சிரிக்கிற மாஸ்க்தானா? அக்கா முகம் பளிச்சுனு இருக்கு” என்று அந்தப் பெண் கீழேயிருந்து சிரித்தாள்.

என் மனைவி மாஸ்க்கை இழுக்கக் கையைத் தூக்கினாள். நான் அந்தக் கையைப் பிடித்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். அந்தப் பெண் எங்களைப் பார்த்துவிட்டு, “ரெண்டு பேரும் இப்படியே இருங்க” என்று வாழ்த்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அவளை நீங்கள் விசாரித்ததாகக் கேள்விப்பட்டேன். அவள் மேல் தப்பில்லை. கீழேயிருந்து பார்த்தால் எனக்கே அப்படித்தான் தெரிந்திருக்கும்.

தங்கை தினமும் கூப்பிடுவாள். மறுநாள் காலையிலும் வீடியோவில் வந்தாள். போன் என்னிடம்தானே இருந்தது. அறை வாசலில் நின்று தூரத்திலிருந்து காட்டினேன். “உங்க அக்கா சிரிக்கிறா பாரு” என்றேன்.

“மாமா, மாஸ்க்கை எடுக்கச் சொல்லுங்க. அக்கா, எதாவது பேசுக்கா. மாமா, அவ கண்ணு சரியில்ல.”

கண்ணைப் பார்த்துவிட்டாள். நான் சொன்னேனே, கண்ணில் மட்டும் யாரும் ஏமாறமாட்டார்கள். சார்ஜ் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நான் ஏன் ஆஸ்பத்திரிக்குச் சொல்லவில்லை என்றுதானே நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அங்கே கொண்டு போனதும் முதல் காரியமாக மாஸ்க்கைக் கழற்றுவார்கள். குழாய் வைப்பார்கள். டாக்டர், நர்ஸ், தங்கை, இன்னும் யார் யாரோ அந்த வாயைப் பார்ப்பார்கள். பிழைத்துக்கொள்ளவும் செய்வாள். பிழைத்தால் அந்த வாயோடு தங்கை வீட்டுக்குப் போவாள். இதுதான் டச்சப் பெண்டாட்டி என்று ஊர் பார்க்கும். அவளுக்கு அந்தக் கேவலம் வேண்டாம் என்று நினைத்தேன். அவளுக்காகத்தான் நினைத்தேன்.

அன்று மதியம் அறையில் நல்ல வெளிச்சம். சன்னலை ஒட்டிக் கட்டில் கிடந்தது. “எடுத்துவிடுங்க” என்றாள். பிறகு அதையும் சொல்லவில்லை, கையை மட்டும் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் முடிச்சைத் தேடினாள். அவள் அடிக்கடி இறக்கிவிடுகிறாள் என்று முடிச்சின் மேல் முடிச்சாகப் போட்டிருந்தேன். விரலுக்கு அது அகப்படவில்லை. முன்பக்கம் துணியைப் பிடித்து இழுக்கப் பார்த்தாள். கல்யாணச் சிரிப்பு கோணிக்கொண்டு போனது. அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. இரண்டு கையையும் பிடித்து அவள் மடியில் வைத்து, என் கையை மேலே வைத்துக்கொண்டேன். ஆறுதலுக்குத்தான். கொஞ்ச நேரம் இழுத்தாள். அந்த உடம்பில் அவ்வளவு பலம் மிச்சம் இருந்ததே என்று இருந்தது. பிறகு இழுக்கவில்லை. துணி உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் இல்லை. மடிப்பைச் சரிசெய்தேன், சிரிப்பு நேராக வந்தது. அவள் பக்கத்திலேயே சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன்.

தங்கை யார் யாரிடமோ அனுமதி வாங்கி, பாலம் முழுக்க நடந்தே வந்திருக்கிறாள். மருந்துக் கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு மேலே வந்தாள். முடிச்சை அவிழ்க்க அவளாலும் முடியவில்லை. கத்தரிக்கோலைத் தேட ஆரம்பித்ததும் நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன். உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு நீங்கள் வந்தீர்கள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள் மேடம். போனை எடுத்து வைத்தது நான். வண்டி வருகிறது என்று பொய் சொன்னது நான். முடிச்சுப் போட்டதும் கையைப் பிடித்துக்கொண்டதும் நான்தான். காய்ச்சல் கொல்லவில்லை, நான்தான் கொன்றேன் என்று நீங்கள் எழுதினால் மறுக்க மாட்டேன். அத்தனைக்கும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் நேற்று ஆஸ்பத்திரிப் பின்கட்டுப் பிணவறைக்கு அடையாளம் காட்டக் கூட்டிப்போனீர்கள் இல்லையா, இது என் மனைவிதான் என்று எழுதியிருந்த அந்தத் தாளில் மட்டும் நான் போடமாட்டேன். பிடிவாதம் இல்லை. அவர்கள் போர்வையை விலக்கியதும் நான் பக்கத்தில் போய்ப் பொறுமையாகத்தான் பார்த்தேன். நெற்றி, ஜாடை எல்லாம் ஒத்துப்போவது போலத்தான் இருந்தது. தங்கைகூட ‘அக்கா’ என்று விழுந்து அந்த வாயைத் தடவித் தடவி அழுதாள். பாவம், துக்கத்தில் இருக்கிறவளுக்கு யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும். நான் கல்யாணம் ஆன நாளிலிருந்து என் மனைவியின் முகத்தைத் தினமும் பார்த்தவன், எனக்குத் தெரியாதா? அந்த அம்மாளுடைய வாய் என்னைப் பார்த்து ஒரு நாள்கூடச் சிரித்ததில்லை. யார் பெற்ற பிள்ளையோ தெரியவில்லை. அவளுக்கும் ஒரு புருஷன் இருப்பான், இந்நேரம் எங்கெல்லாமோ தேடிக்கொண்டிருப்பான். அவனை விசாரித்துக் கண்டுபிடித்து, சீக்கிரம் தகவல் சொல்லிவிடுங்கள்.